நோவு தணிக்கும் ஒட்டுப்படலம்

தலைவலி கண்டால் சுக்கை உரைத்து நெற்றியில் பற்றிடுவதும், சுளுக்கு ஏற்பட்ட இடத்தில் தைலத்தைச் சூடாக்கித் தடவித் துணி சுற்றுவதும் நம் வீடுகளில் வழிவழியாக வந்த பழக்கங்கள். மேலே பூசிய மருந்து உள்ளே சென்று வேலை செய்யும் என்னும் நம்பிக்கையே இவற்றுக்கு அடிப்படை. அந்நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மை? பூசிய பொருளெல்லாம் தோலைக் கடந்து உட்செல்லுமாயின், மழையில் நனைந்தவன் உடல் நீரால் ஊறிப் பெருத்துவிடாதோ? கடலாடியவன் குருதி உப்பேறிவிடாதோ? அவ்வாறு நிகழ்வதில்லை. தோல் நம் உடலைச் சூழ்ந்து நிற்கும் மதில். அம்மதிலை இடிக்காமல், துளைக்காமல், அதன் வழியே மரப்பு மருந்தைச் செலுத்துவதற்கு அறிஞர்கள் நூறாண்டுக்கு மேல் முயன்றனர். அம்முயற்சியின் வரலாற்றையே இங்குக் கூற விழைகின்றேன்.

மரப்பு மருந்து என்பது யாது? மனிதனை உறங்கச் செய்யாமல், உடலின் ஓரிடத்தில் மட்டும் உணர்ச்சியை நீக்கும் மருந்தே மரப்பு மருந்து. பல் பிடுங்கும் வைத்தியர் ஈற்றில் ஊசி போட்டதும் உதடும் நாவும் தடித்ததுபோல் தோன்றுமே, அது இம்மருந்தின் செயல். இதன் கதை தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் தொடங்குகின்றது. அம்மலைவாழ் மக்கள் கொக்கா என்னும் செடியின் இலையை, நாம் வெற்றிலை மெல்வதுபோல், சுண்ணாம்பு கலந்து மென்று வந்தனர். களைப்பும் பசியும் தோன்றாதிருக்க அது உதவியது.

1857-இல் ஆஸ்திரியப் பேரரசின் நோவாரா என்னும் கப்பல் உலகைச் சுற்றிவரும் ஆராய்ச்சிப் பயணமாக டிரியெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. 1858-இன் தொடக்கத்தில் அது இலங்கைக்கும் சென்னைக்கும் வந்து தங்கிச் சென்றது. அக்கப்பலில் இருந்த கார்ல் ஃபொன் ஷெர்ட்ஸர் என்னும் அறிஞர், பின்னர்த் தென் அமெரிக்கா சேர்ந்தபோது கொக்கா இலைகளைத் திரட்டினார். அவ்வில்லைகள் ஜெர்மனியின் கோட்டிங்கென் நகரில் வேதியியல் அறிஞர் ஃபிரீட்ரிக் வோலரின் ஆய்வுக்கூடத்தை அடைந்தன. அங்கு ஆல்பர்ட் நீமன் என்னும் மாணவர் 1860-இல் அவ்விலையின் சாரத்தை வெண்ணிறப் படிகமாகப் பிரித்தெடுத்துக் கொக்கெயின் எனப் பெயரிட்டார். அதனை நாவிலிட்டால் நா மரத்துப்போகின்றது என்பதையும் குறித்து வைத்தார். ஆயினும் அக்குறிப்பின் பொருளை உலகம் உணர மேலும் 24 ஆண்டுகள் சென்றன.

வியன்னா நகரில் கார்ல் கோலர் என்னும் இளம் மருத்துவர் இருந்தார். கண் அறுவைக்கு ஏற்ற மரப்பு மருந்தைத் தேடுவதே அவரது கவலை. அக்காலத்தில் கண்ணில் அறுவை செய்யும்போது நோயாளி பெரும்பாலும் விழித்தபடி வேதனை முழுவதையும் தாங்க வேண்டியிருந்தது. 1884-இல் கோலர் கொக்கெயின் கரைசலைத் தவளையின் கண்ணில் இட்டுப் பார்த்தார். சிறிது நேரத்தில் தவளை, கருவிழிப் படலத்தைத் தொட்டாலும் அசையாது இருந்தது. முயலிடமும் நாயிடமும் அவ்வாறே நிகழ்ந்தது. இறுதியில் அவரும் அவருடைய தோழரும் தத்தம் கண்ணிலேயே மருந்தை இட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று குண்டூசியின் தலையால் விழியைத் தொட்டனர். நோவு இல்லை. 1884 செப்டம்பர் 15-ஆம் நாள் ஹைடெல்பர்க் நகரில் நடைபெற்ற கண் மருத்துவர் மாநாட்டில் இச்செய்தி வெளியாயிற்று. பயணச் செலவுக்குப் பணம் இல்லாமையால் கோலர் அங்குச் செல்லவில்லை; மற்றொரு மருத்துவரே அவர் கட்டுரையைப் படித்தார்.

இங்கு ஒரு நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கண்ணும் வாயும் மூக்கும் ஈரமான மென்படலத்தால் மூடப்பட்டவை. ஆகவே கொக்கெயின் கரைசல் அவற்றில் எளிதில் ஊறியது. அதே கரைசலைக் கையில் தடவினால் யாதொரு பயனும் இல்லை. தோலின் அடியில் உள்ள நரம்பை மரக்கச் செய்ய வேண்டுமாயின் ஊசிக்குழலால் மருந்தை உள்ளே செலுத்துவதைத் தவிர வேறு வழி அன்று இருக்கவில்லை. ஊசிக்குழலோ 1853 முதலே மருத்துவர் கையில் இருந்தது. எனவே மரப்பு மருந்தும் ஊசியும் இணைபிரியாதவை ஆயின.

கொக்கெயினுக்கு ஒரு கொடிய குணம் உண்டு. அது பயன்படுத்துவோரை அடிமையாக்கும். நியூயார்க்கின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், நரம்பின் அருகே கொக்கெயினைச் செலுத்தும் முறையைத் தம் உடலிலேயே சோதித்து, அப்பழக்கத்திற்கு ஆட்பட்டு நெடுங்காலம் துன்புற்றார். இத்தீமை இல்லாத மருந்தைத் தேடிய மியூனிக் நகர வேதியியலார் ஆல்ஃபிரெட் ஐன்ஹார்ன் 1904-இல் புரொக்கெயின் என்பதைப் படைத்தார். நோவோகெயின் என்னும் பெயரில் அது உலகெங்கும் பரவிற்று. பின்னர் ஸ்வீடன் நாட்டில் பார்லிச் செடியின் வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், 1935-இல் தற்செயலாக ஒரு பொருளை நாவில் இட்டுப் பார்த்தபோது நா மரத்தது. அந்தச் சிறு நிகழ்ச்சியைப் பற்றிக்கொண்டு நில்ஸ் லோஃப்கிரென் பல சேர்மங்களை ஒவ்வொன்றாக உண்டாக்கி 1943-இல் லிடோகெயினைக் கண்டார். அவருடைய இளைய தோழர் பெங்ட் லுண்ட்குவிஸ்ட் தம் உடலிலேயே அதனைச் சோதித்தார். 1948 முதல் சைலோகெயின் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இன்றும் மருத்துவமனைகளில் மிகுதியாக வழங்கும் மரப்பு மருந்து அதுவே.

இவ்வாறு நல்ல மருந்து கிடைத்துவிட்டது. ஆயினும் ஓர் இடர் எஞ்சி நின்றது. நோவைத் தவிர்க்கும் மருந்தைச் செலுத்த ஊசி வேண்டும்; ஊசியோ நோவு தருவது. பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பர். ஐந்து வயதுக் குழந்தை என் செய்யும்? நாள்தோறும் குருதி எடுக்கப்பட வேண்டிய நோயாளிக் குழந்தைக்கு மருத்துவமனையே அச்சமூட்டும் இடமாகிவிடும். மேலும், பச்சிளங் குழந்தைக்கு நரம்பு முதிரவில்லை, அதற்கு நோவு தெரியாது என்றே மருத்துவர் பலர் 1980-களிலும் கருதியிருந்தனர். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மிகக் குறைந்த மயக்க மருந்துடன் அறுவை செய்ததும் உண்டு. இந்தியாவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் ஆராய்ந்த கே. ஜே. எஸ். ஆனந்த் என்பவரும் அவருடைய தோழர்களும் 1987-இல் இக்கருத்தை அசைத்தனர். வலி தணிக்கும் மருந்தைப் போதிய அளவு பெற்ற குறைமாதக் குழந்தைகள் அறுவைக்குப் பின் நல்ல நிலையில் இருந்ததை அவர்கள் ஆய்வு காட்டியது. அழத் தெரிந்த உயிருக்கு நோகவும் தெரியும் என்பதை மருத்துவ உலகம் ஏற்க இவ்வளவு காலம் பிடித்தது. ஊசியின்றி மரக்கச் செய்யும் வழியைத் தேடியதற்கு இத்தகைய குழந்தைகளின் அழுகையே பெருங்காரணம்.

தோல் ஏன் மருந்தை விடுவதில்லை? தோலின் மேற்புறத்தில் உயிரற்ற அணுக்களாலான ஓர் அடுக்கு உள்ளது. அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் 50-இல் ஒரு பங்கைவிடப் பெரும்பாலும் மிகாது. செங்கல்லும் சாந்தும் கொண்டு கட்டிய சுவரை நினைத்துக் கொள்ளுங்கள். தட்டையான உலர்ந்த அணுக்களே செங்கற்கள். அவற்றின் இடையே நிறைந்துள்ள கொழுப்புப் பொருள்களே சாந்து. மருந்து உள்ளே செல்ல வேண்டுமானால் பெரும்பாலும் அக்கொழுப்பினூடே வளைந்து வளைந்து செல்லல் வேண்டும். ஆகவே அது கொழுப்பில் கரைய வேண்டும். அதன் மூலக்கூறும் சிறிதாக இருத்தல் வேண்டும்.

மரப்பு மருந்துகளின் மூலக்கூறுகள் சிறியவையே. ஆயினும் ஊசிக்காக அவற்றை உப்பு வடிவில் நீரில் கரைத்து வைப்பர். நீரில் நன்கு கரையும் அவ்வடிவம் கொழுப்பினுள் புகுவதில்லை. உப்பாக்காத மூல வடிவமோ கொழுப்பில் கரையும். 1957-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் சாமுவேல் மோனாஷ், மரப்பு மருந்துகளின் மூல வடிவங்கள் முழுத்தோலையும் மரக்கச் செய்ய வல்லன என்பதைச் சோதித்துக் காட்டினார். கதவு எங்குள்ளது என்பது புலனாயிற்று, திறப்பதுதான் எஞ்சியிருந்தது.

திறப்பதில் ஒரு தடை. லிடோகெயினின் மூல வடிவம் ஒரு திடப்பொருள். 68 பாகை செண்டிகிரேடில்தான் உருகும். படிகமாகக் கிடக்கும் மருந்து தோலினுள் எளிதில் செல்லாது. எண்ணெயில் கரைத்தால் மருந்து அவ்வெண்ணெயிலேயே தங்கிவிடும். திடப்பொருளை உடல் தாங்கும் வெப்பத்தில் நீர்மமாக்குவது எவ்வாறு? ஐஸ்கிரீம் செய்வோர் பனிக்கட்டியோடு உப்பைக் கலப்பதைக் கண்டிருப்பீர்கள். உப்புச் சேர்ந்த பனிக்கட்டி, தனிப் பனிக்கட்டி உருகும் நிலையைவிடத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகிவிடும். அதே இயல்பு மருந்துகளுக்கும் உண்டு. லிடோகெயினோடு பிரிலோகெயின் என்னும் உறவு மருந்தைச் சம அளவில் கலந்தால், இரண்டும் திடப்பொருள்களாயினும், கலவை ஏறத்தாழ 18 பாகையிலேயே உருகி எண்ணெய் போலாகின்றது. ஸ்வீடனின் அஸ்ட்ரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் இதனைக் கண்டு, அவ்வெண்ணெய்த் துளிகளை நீரில் பரப்பி ஒரு களிம்பு ஆக்கினர். 1980-இல் அதன் பயன் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. 1984-இல் ஸ்வீடனிலும், 1992-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் அது ஒப்புதல் பெற்றது. எம்லா என்பது அதன் பெயர்.

இக்களிம்பைக் குழந்தையின் கையில் தடித்துப் பூசி, மேலே காற்றுப் புகாத மெல்லிய படலத்தை ஒட்டி, ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் தோல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழம் வரை மரத்துவிடும். பின்னர் ஊசி குத்தினாலும் நோவு மிகுதியாகத் தெரியாது. நூறாண்டுக் கனவு நனவாயிற்று எனலாம். ஆயினும் இதிலும் குறைகள் இருந்தன. களிம்பைப் பூசுபவர் கைக்கேற்ப அளவு கூடும், குறையும். மேலொட்டிய படலத்தைக் குழந்தை பிய்த்தெறியும். பிரிலோகெயின் மிகுந்தால் குருதியின் உயிர்வளி தாங்கும் ஆற்றலைக் கெடுக்கக்கூடும். மிகச் சிறிய குழந்தைகளிடம் இவ்விடர் பெரிது. ஒரு மணி நேரக் காத்திருப்பும் அவசர சிகிச்சைக்கு ஒவ்வாது.

ஏறத்தாழ அதே காலத்தில் அயர்லாந்துத் தீவின் வடபகுதியில் உள்ள பெல்ஃபாஸ்ட் நகரின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்து மருந்தியலார் வேறொரு வழியில் சென்றனர். அவர்கள் எடுத்துக்கொண்டது 1930-ஐ ஒட்டிக் கண்டறியப்பட்ட டெட்ராகெயின். இம்மருந்து நீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டால் அதன் உருகுநிலை தோலின் வெப்பநிலையாகிய 32 பாகைக்கும் கீழே இறங்கிவிடுகின்றது. தோலில் பட்டதும் அது உருகும். இதனைக் கொண்டு செய்த 4 விழுக்காட்டுக் கூழ் 30 முதல் 45 நிமிடத்தில் தோலை மரக்கச் செய்தது. பல மணி நேரம் அதன் ஆற்றல் நீடித்தது. 1990-களில் அது பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதே ஆராய்ச்சியாளர்கள் மேலும் ஒரு படி சென்று, மருந்தையும் பசையையும் ஒரே மெல்லிய படலத்தில் அமைத்தனர். ஈரம் பட்டால் பசையாகும் பொருளால் ஆகிய அப்படலத்தைத் தோலில் ஒட்டியதும், ஈரமே பசையை உயிர்ப்பிக்கும். மருந்தையும் உருகச் செய்யும். 1998-இல் அவ்வாராய்ச்சியின் முடிவுகள் வெளியாயின.

மருந்தை ஒட்டுப்படலத்தில் வைக்கும் எண்ணம் அதற்கு முன்பே வேறு நோய்களுக்குக் கைகொடுத்திருந்தது. அலெஹாந்திரோ ஸஃபரோனி என்பவர் 1968-இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்ஸா நிறுவனத்தின் உழைப்பால், கப்பலிலும் ஊர்தியிலும் குமட்டல் வராமல் காக்கும் ஸ்கோபோலமின் படலம் 1979-இல் ஒப்புதல் பெற்றது. காதின் பின்னால் நாணயம்போல் ஒட்டிய அது மூன்று நாள் சிறுகச் சிறுக மருந்தை ஈந்தது. 1981-இல் நெஞ்சு வலிக்கான நைட்ரோகிளிசரின் படலங்கள் வந்தன. எனினும் இவற்றுக்கும் மரப்பு மருந்துப் படலத்துக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. முன்னவற்றில் மருந்து குருதியில் கலந்து உடல் முழுதும் செல்ல வேண்டும். பின்னதிலோ மருந்து தோலில் மட்டும் தங்க வேண்டும். குருதியில் கலப்பது தீங்கு.

இத்தகைய படலத்தைச் செய்வோர் முரண்பட்ட பல தேவைகளை ஒருங்கே நிறைவேற்ற வேண்டும். வியர்வையிலும் அசைவிலும் அது விழாது ஒட்டியிருக்க வேண்டும். உரிக்கும்போது நோவு தரலாகாது. நோவு தணிக்க ஒட்டியதை நோவின்றி எடுக்க முடியாதாயின் அதனால் யாது பயன்? பசையில் மருந்து மிகுந்தால் பசை இளகிக் கையில் ஒட்டும். குறைந்தால் மருந்து பயன் தராது. பெட்டியில் மாதக்கணக்கில் கிடக்கும்போது மருந்து படிகமாய்ப் பிரிந்துவிடலாகாது. இது வெறும் அச்சமன்று. நடுக்குவாத நோய்க்கான ரோட்டிகோடின் படலங்களில் படிகம் தோன்றியமையால் 2008-இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. குறை நீக்கப்பட்டு 2012-இல்தான் அவை மீண்டும் வந்தன.

1996-இல் பல் வைத்தியத்துக்கென ஈற்றில் ஒட்டும் லிடோகெயின் படலம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஈரமான வாயினுள் ஒட்டி நிற்கும் பசையை அமைத்ததே அதன் சிறப்பு. 1999-இல் அக்கி நோய் ஆறிய பின்னும் நீங்காத நரம்பு வலிக்கென 5 விழுக்காடு லிடோகெயின் கொண்ட பிளாஸ்திரி ஒப்புதல் பெற்றது. அக்கி கண்டவர்களுள் சிலருக்குப் புண் ஆறிய பின்னும் மேலே படும் துணியும் நெருப்புப் போல் எரியும். அத்தகைய முதியோர்க்கு இது நல்ல துணை. 10 செண்டிமீட்டர் அகலமும் 14 செண்டிமீட்டர் நீளமும் உள்ள ஒவ்வொரு பிளாஸ்திரியிலும் 700 மில்லிகிராம் மருந்து உண்டு. அதில் ஏறத்தாழ 3 விழுக்காடே உடலுள் செல்கின்றது. நோவு தணிகின்றது; ஆனால் தொடுவுணர்ச்சி முற்றும் மறைவதில்லை. 2005-இல் ஒப்புதல் பெற்ற மற்றொரு படலத்தில் லிடோகெயினும் டெட்ராகெயினும் 70 மில்லிகிராம் வீதம் இருந்தன. உறையைப் பிரித்ததும் அதனுள் உள்ள இரும்புத்தூள் காற்றோடு கூடி வெப்பம் தரும். இரும்பு துருப்பிடிக்கும் அதே வினைதான். அவ்வெப்பத்தால் மருந்து விரைந்து ஊறி, 20 முதல் 30 நிமிடத்தில் தோல் மரத்தது. 2006-இல் ஒப்புதல் பெற்ற வேறொன்று, பூசும்போது களிம்பாக இருந்து, உலர்ந்ததும் படலமாகி, உரித்தெடுக்கத் தக்கதாக அமைந்தது.

இவ்வரலாற்றில் துயரமான ஓர் ஏடும் உண்டு. கல்லூரியில் பயிலும் இளைஞர்கள் அதனை அறிந்திருத்தல் நலம். அமெரிக்காவில் 22 வயதும் 25 வயதும் ஆன இரு பெண்கள், ஒளிக்கதிரால் முடி நீக்கிக்கொள்ளச் செல்லுமுன், மிகுந்த செறிவுள்ள மரப்புக் களிம்பைக் கால்கள் முழுதும் பூசிப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டனர். மருந்து அளவுக்கு மீறிக் குருதியில் கலந்தது. வலிப்புக் கண்டு, நினைவிழந்து, இருவரும் உயிர் நீத்தனர். 2007 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதுபற்றி நாட்டு மக்களை எச்சரித்தது. பரப்பு மிகுதி, மூடிய உறை, நெடுநேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், மதில் தடுக்கும் அளவு குறைந்துவிடும். நரம்பில் உள்ள சோடியம் வாயில்களை அடைப்பதே மரப்பு மருந்தின் தொழில். தோலின் நரம்பை அடைக்கும் அம்மருந்து, அளவு மீறினால் மூளையின் செயலையும் இதயத்தின் துடிப்பையும் குலைக்கும்.

படலத்தின் அருமை இங்கேதான் விளங்குகின்றது. களிம்பின் அளவு பூசுபவர் கையில் உள்ளது. படலத்தின் அளவோ செய்தவர் முன்கூட்டியே வரையறுத்தது: இத்தனை மில்லிகிராம், இத்தனை பரப்பு, இத்தனை நேரம். ஆயினும் முழுக்காவல் என்று அதனையும் நம்பிவிடலாகாது. பயன்படுத்தி உரித்தெடுத்த பிளாஸ்திரியில் மருந்தின் பெரும்பகுதி இன்னும் மிஞ்சியிருக்கின்றது. அதனை ஒரு குழந்தையோ வீட்டு நாயோ மென்றால் உயிருக்கு ஆபத்து. ஆகவேதான் ஒட்டும் பக்கம் உள்ளே இருக்க மடித்து, குழந்தைக்கு எட்டாத இடத்தில் களைய வேண்டும் என்று மருத்துவர் கூறுகின்றனர்.

ஒரு குண்டூசித் தலையைத் தம் கண்ணில் வைத்துப் பார்த்த இளம் மருத்துவரிடம் தொடங்கி, இரும்புத்தூள் தரும் வெப்பம்வரை இவ்வரலாறு வந்துள்ளது. நாவு மரத்ததைக் குறித்து வைத்த மாணவன், உருகுநிலையை அளந்த வேதியியலார், பசையின் இயல்பை ஆராய்ந்த தொழிலறிஞர், குழந்தைக்கும் நோகும் என்று வாதாடிய மருத்துவர் ஆகிய பலருடைய உழைப்பும் அந்த மெல்லிய படலத்தில் அடங்கியுள்ளது. தடுப்பூசி போடும் அறையில் அழும் குழந்தையை அடுத்த முறை காணும்போது, 'இதற்கென்ன, சிறு குத்துத்தானே' என்று நாம் சொல்லாதிருப்போமாக. அவ்வாறு சொல்ல மறுத்தவர்களால்தான் இவ்வளவும் கிடைத்தது.